தலை திருப்பியவன்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கீதனும் நிருஜாவும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? காதில் போடும் மெஷினைப் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறதா? போனில் நான் கத்துவதும் நீங்கள் "ஆர்? ஆர்?" என்று கேட்பதும் போதும் என்றுதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. எழுத்துக் கோணல் என்று சிரிக்க வேண்டாம்.

இவர் போய் மூன்று மாதமாகிறது. முப்பத்தோராம் நாளை ஹோல் வாடகைக்கு எடுத்து நல்லபடியாகத்தான் செய்தார்கள். அஸ்திதான் இன்னும் இங்கே கிடக்கிறது. "மலர், என்னைக் கொண்டுபோய்க் கோணமலைக் கடலில விடு. இந்தக் குளிர்த் தண்ணிக்குள்ள விட்டிடாத" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னார். அது அவர் ஒழுங்காகக் கதைத்த கடைசிக் கதை. கீதனும் பக்கத்தில் நின்று கேட்டான். "ஸ்னோ கரையட்டும் அம்மா. ஏப்பிரலில உங்களையும் அப்பாவையும் நானே கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லியிருக்கிறான்.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாதே. ஊரில் என்றால் மரத்தில் கட்டுவோம். இங்கே மரத்தில் கட்டினால் பொலிஸ் வரும் என்று சொல்லி, கார் விடுகிற கராஜில், டயர் அடுக்கும் தட்டில் வைத்தான் கீதன். நான் அவருடைய வேட்டியால் பெட்டியைச் சுற்றிவிட்டேன். எண்ணெய் விளக்கு வைத்தேன். நெருப்புப் பிடிக்கும் என்று நிருஜா அதை எடுத்துவிட்டு பற்றரி விளக்கு ஒன்று வாங்கித் தந்தா. ஊதினால் அணையாத விளக்கு.

அந்தத் தட்டுக்கு மேலே ஒரு பழைய படம் கிடந்தது அக்கா. வீட்டை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனதாம். கறுப்பு வெள்ளைப் படம், கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. மரக்குற்றியால் கட்டிய ஒரு நீளக் கொட்டிலுக்கு முன்னால் மூன்று வரிசையாக ஆம்பிளைகள். கோடரி, மண்வெட்டி வைத்துக்கொண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் கண்ணாடி போட்ட படம் என்றால் செத்த ஆட்கள்தானே, இந்த வீட்டின் மூதாதைகள் என்று நினைத்துத் துடைத்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் சந்தனம் தொட்டு வைத்து, இவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். தனியாக இருக்கிறாரே என்று. பின்னேரம் நிருஜா பார்த்துவிட்டு, "ஐயோ மாமி, உவையெல்லாம் ஆரெண்டு தெரியுமே? பொட்டு வச்சுக் கோயில் திருவிழாவுக்கு வந்த ஆக்கள் மாதிரி நிக்கினம்" என்று விழுந்து விழுந்து சிரித்தா.

ஒருவனுக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை. கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கிறவன். அவனுக்கு முகமே இல்லை. கழுவின கோலம் மாதிரி இருக்கிறது. எங்கே நெற்றி என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கவரை ஒட்டாமல் நிருஜாவிடம் கொடுக்கிறேன். பிள்ளைகளின் படம் ஏதும் வைக்கிறதென்றால் வைப்பா. விலாசமும் அவதான் எழுதுவா.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனியுங்கள்.

தங்கச்சி
தவமலர்


சாம்பல்தீவு, திருகோணமலை
09.02.2024

என் மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துக் கோணல்தான், ஆனாலும் முழுவதும் வாசித்தேன். முழங்கால் அப்படியே. மெஷினைப் போட்டேன். ஆடு கத்துவது மட்டும்தான் கேட்கிறது, அதுக்கு மெஷின் தேவையில்லை.

முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்குச் சந்தனப் பொட்டு வைத்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். தெரியாத ஆம்பிளைகளுக்கு நடுவில் வைத்ததுக்கு உன் இரத்தினவேல் கோபப்படாமல் விட்டால் சரி. அவருக்கு எப்போதும் கூட்டம் பிடிக்கும், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுத் துவாரகா போனில் கீதன் போட்ட படங்களைக் காட்டினாள். நயாகராவில் நீ சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாய். "அம்மா இப்ப நல்ல சந்தோசம்" என்று கீழே எழுதியிருந்ததாம். புருஷன் போய் மூன்று மாதத்தில் உனக்கு அப்படிச் சிரிக்க வருமா என்று யோசித்தேன். வந்தால் நல்லதுதான்.

கடற்கரைக் கிரியைக்கு ஐயரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏப்பிரலில் எந்தத் திகதி என்று எழுது.

இன்னொன்று. கவரை ஒட்டி அனுப்பு. மடிப்பு இரண்டு தரம் மடித்த மாதிரி வந்திருக்கிறது.

அக்கா
கமலாம்பிகை


மோர்னிங்சைட்
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் தடிமன் காய்ச்சல் வந்து போனது. மூத்தவள் சிவானி முதலில் கொண்டுவந்தாள், பிறகு சின்னவன் மிதுனன், கடைசியில் நான். நான் படுத்தது ஒரு நாள்தான்.

ஏப்பிரல் சரிவராதாம். நிருஜாவுக்கு முதியோர் இல்லத்தில் இப்போதுதான் ஃபுல்டைம் வேலை கிடைத்திருக்கிறது. விடிய எழும்பி வேறு ஆட்களின் அம்மாமாரைக் குளிப்பாட்டப் போகிறா. கீதன் பகலில் வெயார்ஹவுஸ், இரவில் கார் ஓட்டம். பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஜூனில் மிதுனனின் முதலாவது பிறந்தநாள். அது முடியட்டும் என்கிறார்கள். ஐயரிடம் சொல்லுங்கள்.

நயாகராவைப் பற்றிக் கேட்டீர்கள். நிருஜாவின் தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள், அவர்களைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னவனைப் பார்க்க நானும் போனேன். கோட்டு நிருஜாவுடையது. "மாமி, இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ" என்றார்கள். சிரித்தேன். பிறகு வாகனத்துக்குள் போய் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் படத்தின் பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிருஜாவிடம் வாசிக்கச் சொன்னேன். அவ ஏழு வயதில் இங்கே வந்த பிள்ளை, இங்கிலிஷ் தண்ணீர்பட்ட பாடு, தமிழைத்தான் எழுத்து எழுத்தாகக் கூட்டுவா.

"உது காம்ப் மாமி" என்றா.

காம்ப் என்றால் நமக்கு என்ன? தொண்ணூறில் அகதியாக நாங்கள் தகரக் கொட்டிலில் கிடந்தது. "பொம்பிளையளும் பிள்ளையளும் எங்கை?" என்று கேட்டேன்.

"அப்பிடிக் காம்ப் இல்லை மாமி. முந்திக் கனடாவில பெரிய பஞ்சம் வந்தது. ஒருத்தருக்கும் வேலை இல்லை. தனி ஆம்பிளையளைக் கவண்மெண்ட் காட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சது. சாப்பாடும் படுக்கையும் குடுத்து, கைச்செலவுக்குக் கொஞ்சச் சில்லறையும் குடுத்து, மரம் நடவும் ரோட்டுப் போடவும் விட்டது."

"பூட்டியே வச்சவை?"

"சீ, பூட்டேல்லை. விருப்பமில்லாட்டிப் போகலாம். ஆனா எங்கை போறது? வெளியில வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை. சுத்திவரக் காடு. போறதுக்கு ரோட்டும் அவையேதான் போடவேணும்."

முகமில்லாதவனைக் காட்டிக் கேட்டேன். அந்தக் காலத்துக் கமரா மெதுவாம். எல்லாரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டுமாம். அவன் அந்த நேரம் தலையைத் திருப்பிவிட்டான். அவன் திரும்பின பக்கம் ரோட்டு வெட்டின மண் கொஞ்சம் தெரிகிறது. பிறகு மரம்.

கவர் ஒட்டப் பசை இல்லை அக்கா.

தவமலர்


சாம்பல்தீவு
28.03.2024

மலர்,

சுகம். நீயும் சுகமாக இரு.

அந்தப் படத்து ஆட்களைப் பற்றித்தான் ஒரே யோசனை. எனக்குப் பொழுதுபோக வேறு என்ன இருக்கிறது? உனக்குத் தெரிந்ததை எழுது. விடிய எத்தனை மணிக்கு எழும்புவார்கள்? சாப்பாடு இருந்து சாப்பிட விடுவார்களா, நின்றுகொண்டா? உடம்பு சரியில்லை என்றால் மருந்து எடுக்கக் கூட்டிப்போவார்களா? ஊருக்குப் போகும் பத்திரங்கள் அவரவர் கையில் இருக்குமா, மேலாளர் கையிலா? யாரும் அடிப்பார்களா? அதை முதலில் எழுது.

வீட்டுப் புதினம், செய்தி எழுதாவிட்டால் பரவாயில்லை. அந்த ஆட்களைப் பற்றி எழுதினால் போதும்.

அக்கா


மோர்னிங்சைட்
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். நான் சுகம்.

அந்த ஆட்களை யாரும் அடிக்கவில்லை. முதலில் அதை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மற்றவர்கள் எழும்ப முதலே எழும்புவார்கள். மற்றவர்கள் படுத்த பிறகு படுப்பார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கறி புளி எல்லாம் உண்டு. சமைப்பவர்களும் அவர்களே. நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்கள். அதற்கு யாரும் காரணமில்லை, இருந்தால் யாராவது அழும்.

பத்திரங்கள் மேலாளரின் அறையில், மேசையின் மேல் லாச்சியில் பத்திரமாக இருக்கின்றன. தொலைந்துபோகும் என்று வாங்கி வைத்தான். கேட்டால் தருவான். ஆனால் கேட்கிற நேரமெல்லாம் அவன் நித்திரையில் இருப்பான், அல்லது வெளிக்கிட்டுக்கொண்டிருப்பான். அவனும் கெட்டவனில்லை அக்கா. சப்பாத்தோடு கதிரையில் விழுந்து நித்திரை கொள்ளும்போது பார்த்தால் பாவமாக இருக்கும். கொட்டிலுக்குக் கடன், அவனுக்கு மேலே இன்னொரு மேலாளர். அவனும் அந்தக் காட்டுக்குள்தான்.

எல்லாரும் அவர்களைக் குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள். விருந்தாளிகள் வந்தால், "இவை இல்லாட்டி நாங்கள் இல்லை" என்று தோளில் கை போட்டுச் சொல்வார்கள். அப்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். அது பொய் இல்லை. அதுதான் போகவும் விடாது.

அவர்களிலும் செத்துப்போனவர் இருந்திருப்பாரே. காட்டுக்குள் செத்தவனை ஊருக்குக் கொண்டுபோக வழி இருந்ததா என்று நிருஜாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எழுதேல்லை மாமி" என்றா. பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மிதுனனுக்குப் பல் முளைக்கிறது. என் கழுத்துச் சங்கிலியைக் கடிக்கிறான். அவன் சிரித்தால் இவர் சிரிக்கிற மாதிரியே.

தவமலர்


சாம்பல்தீவு
12.05.2024

என் மலருக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் சும்மா இருந்தேன். ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் போகவில்லை. துவாரகா வந்து, "பெரியம்மா சுகமில்லையோ" என்று சைகையால் கேட்டாள்.

அந்த முகமில்லாதவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ரோட்டு இல்லை என்றால் அவனை ரோட்டுப் போடச் சொல். ஒரேயடியாகக் காட்டை வெட்ட வேண்டாம். இன்றைக்கு முச்சந்தி வரை. நாளைக்கு அதுக்கு அடுத்த சந்தி வரை. பிள்ளை அழுதால் பிள்ளையையும் தள்ளிக்கொண்டு போகட்டும். யார் கேட்டாலும் காற்றுப் பட வந்தேன் என்று சொல்லட்டும். அவனுக்குக் கால் இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கியூவில் நின்ற கால், குண்டு விழ விழ ஓடின கால். அதை அவன் மறந்துபோனான்.

ஐப்பசியில் ஆண்டுத் திவசம் வருகிறது. கடல் இங்கேதான் இருக்கிறது, எங்கேயும் போகாது. நான்தான் போய்விடுவேனோ என்று பயம்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறேன். சுகமில்லை என்று நினைக்காதே.

அக்கா


மோர்னிங்சைட்
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எப்போதோ வந்திருக்கிறது. கீதனின் காருக்குள், கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மஞ்சளாகிக் கிடந்ததைச் சிவானிதான் எடுத்துவந்தாள். மறந்துபோனானாம்.

பிறந்தநாள் நேற்று முடிந்தது. ஹோல், பலூன், புகைப்படக்காரன் எல்லாம். வந்த ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்தே கீதன் கதையைத் தொடங்கினான்.

"அம்மா, வடக்க ஒரு ஆறு இருக்கு. எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கைதான் கரைக்கினம். ஐயரும் வருவார். வாற மாசம் செய்து முடிப்பம். பிறகு அடுத்த வருசம் ஆறுதலா ஊருக்குப் போகலாம்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"அம்மா, சாகப்போற ஆள் என்னவும் சொல்லும். கடல் எண்டால் எல்லாம் ஒரே கடல்தானே. அந்த ஆறும் போய்க் கடலிலதான் விழுது."

நிருஜாவின் சித்தப்பா ஒருவர், "ஓம், ஓம், ஜியோகிரபிப்படி சரி" என்று தலையாட்டினார். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

குடும்பப் படம் எடுத்தார்கள். என்னை நடுவில் இருத்தி, மடியில் மிதுனன். "எல்லாரும் இஞ்ச பாருங்கோ, அம்மம்மா சிரியுங்கோ" என்றான் அந்தப் பெடியன். நான் அப்பம்மா, பாவம் அவனுக்கு எப்படித் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்றுக்கு நான் தலையைத் திருப்பிவிட்டேன். மறுபடி எடுத்தான். மறுபடி திருப்பினேன். வேணுமென்று செய்தேனா, கழுத்து தானாகத் திரும்பினதா, எனக்கே தெரியாது. "மாமிக்குக் களைச்சுப்போச்சு, விடுங்கோ" என்றா நிருஜா. படம் ஒன்று உள்ளே வைக்கிறேன்.

ஸ்னோ எல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது பின்னேரத்தில் மிதுனனை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு காற்றுப் படப் போகிறேன். முதல் நாள் முச்சந்தி வரை. அங்கே சிவப்புத் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது. இவ்வளவு கிட்ட இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தவமலர்


சாம்பல்தீவு
08.07.2024

மலர்,

படத்தைப் பார்த்தேன். எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். நீ எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

சாமி அறையில் வைக்கவில்லை. என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஐயரிடம் திகதி எடுத்துவிட்டேன். ஆற்றைப் பற்றிக் கீதனுக்கு ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீ.

அக்கா


மோர்னிங்சைட்
04.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இனி அந்தப் படத்து ஆட்களைப் பற்றி எழுதப்போவதில்லை. என்னைப் பற்றி எழுதப்போகிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முதல் நிருஜா வாசிப்பா. எல்லாக் கடிதத்தையும் வாசித்தவதான். வாசியும் பிள்ளை. விளங்காத சொல் இருந்தால் என்னைக் கேளும். கோபமில்லை. நீர் வாசிப்பீர் என்றுதான் நானும் ஒட்டாமல் தந்தேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அக்கா, ஒவ்வொரு நாளும் ஒரு சந்தி கூடப் போனேன். தபால் பெட்டி, பிறகு பஸ் நிற்கிற இடம், பிறகு பெரிய ரோட்டைக் கடக்கிற இடத்துச் சிவப்பு பச்சை வெளிச்சம். அந்த வெளிச்சத்தடியில் மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பினேன், கடக்கப் பயம். நாலாம் நாள் ஒரு சீனக் கிழவி வண்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடந்தா, நானும் கடந்தேன். அந்தப் பக்கம் பிளாசா. மரக்கறிக் கடைக்கு மேலே தமிழில் போர்டு: அன்புராசா டிராவல்ஸ்.

அன்புராசா நல்ல பெடியன். மூதூர்ப் பக்கம். "அஸ்தி கொண்டு போகலாம் அன்ரி. எரிச்ச இடத்தில குடுத்த சேர்ட்டிபிகேற்றும் பாஸ்போட்டும் கொண்டுவாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். இவ்வளவு மாதமும் மலை மாதிரி நினைத்தது, அவனுக்கு ஒரு தேத்தண்ணீர் ஆற முதல் சொல்லி முடிக்கிற விஷயம்.

அன்று கீதன் வேலையால் வந்து சாப்பிடும்போது கேட்டேன்.

"தம்பி, என்ர பாஸ்போட்டைத் தா."

"இப்ப எதுக்கு?"

"அன்புராசா கேக்கிறான்."

"எந்த அன்புராசா?"

"பிளாசாவில டிக்கட் போடுறவன்."

சோற்றுக் கை அப்படியே நின்றது. "பிளாசாவுக்குப் போனீங்களோ? தனியவோ?"

"மிதுனனும் வந்தவன்."

"அம்மா, அந்த ரோட்டில கார் வாற வேகம் தெரியுமே? பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா?" சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். "நான் என்ன உங்களைக் கட்டியே வச்சிருக்கிறன்? கதவு திறந்துதானே கிடக்கு! ஒருக்காலாவது பூட்டினனானே?"

"இல்லையடா. நீ பூட்டேல்லை."

"நீங்கள் போனா இந்தப் பிள்ளையள ஆர் பாக்கிறது? டேகெயாருக்குக் குடுத்தா வீட்டை விக்கவேணும். வீட்டை வித்தா எங்கை போறது? அப்பா இருந்தா உங்களை நில்லுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பார்."

"அப்பா கராஜுக்குள்ளதான் இருக்கிறார். போய்க் கேள்."

அப்படிச் சொல்லுவேன் என்று நான் நினைக்கவில்லை. அவன் எழும்பிக் கை கழுவினான். கழுவிக்கொண்டே நின்றான், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வெளியே போய்க் காரை எடுத்துக்கொண்டு இரவு ஓட்டத்துக்குப் போய்விட்டான். பாஸ்போட் தரவில்லை. தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா, அவனில் எனக்குக் கோபம் வந்தால் லேசாக இருக்கும். வரவில்லை. அவனுக்கு நான் வேணும். இவருக்கும் நான் வேணும். ஒருவருக்கு உயிர் இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. உயிர் இருக்கிறவன் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று உலகம் சொல்லும். ஆனால் இல்லாதவருக்கு என்னை விட்டால் வாய் யாரிடம் இருக்கிறது?

தவமலர்


மோர்னிங்சைட்
30.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் உங்களுக்கு வந்திருக்காது. நிருஜா அதைத் தபாலில் போடவில்லை. இந்தக் கடிதத்தோடு அதையும் சேர்த்து வைக்கிறேன், முதலில் அதை வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் அவ என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை விடிய வேலைக்கு வெளிக்கிட்டவ திரும்பிவந்து, கராஜில் நான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தா. கைப்பைக்குள் இருந்து கடிதத்தை எடுத்தா. மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது.

"எனக்குக் கனநாள் எடுத்தது மாமி, வாசிக்க. சில சொல்லு கூகிளில போட்டுப் பாத்தனான்."

நான் பற்றரி விளக்கைத் தட்டில் வைத்தேன்.

"முதல் கடிதத்தில என்னைப் பற்றிக் கெட்டதா எழுதியிருப்பீங்கள் எண்டுதான் திறந்தனான். ஒண்டுமே எழுதேல்லை. பேந்தும் திறந்தனான். பேந்தும் இல்லை. அந்தக் காம்ப் கதை வந்த பிறகுதான்..." என்று நிறுத்திவிட்டா. "அண்டைக்கு நான்தானே உங்களுக்கு வாசிச்சுச் சொன்னனான், விருப்பமில்லாட்டிப் போகலாம் எண்டு. அதைச் சொல்லேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்லை மாமி."

பிறகு கடிதத்தையும் ஒரு புதுக் கவரையும் என் கையில் தந்தா. "இதை நீங்களே ஒட்டுங்கோ. நீங்களே போடுங்கோ. பெட்டி எங்கை எண்டு தெரியும்தானே."

கவருக்குள் ஏற்கெனவே ஏதோ இருந்தது. என் பாஸ்போட்.

கீதனோடு அவதான் கதைத்திருக்கிறா. இரவில் மேலே சத்தம் கேட்டது, பிறகு சத்தமில்லை. அடுத்த நாள் அவன் என் முகத்தைப் பார்க்காமல், "கையில கொண்டுபோற பையிலதான் அப்பாவை வைக்கவேணும் அம்மா, லக்கேஜில போட்டிடாதேங்கோ" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனான். அவன் அங்கே போவது நான் கண்டது, பெட்டியை வைத்த நாளுக்குப் பிறகு அன்றுதான். கன நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்புராசா புரட்டாதிக்கு டிக்கட் போட்டுவிட்டான். திவசத்துக்கு முதல் வந்துவிடுவேன். திரும்பி வர டிக்கட்டும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது, திகதி மட்டும் மாற்றலாமாம். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நானும் சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன்.

நிருஜா வேலையை விட்டுவிட்டா அக்கா. லீவு கேட்டிருக்கிறா, கொடுக்கவில்லை. ஃபுல்டைம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யூனிஃபோமைத் தோய்த்து மடித்து, கராஜில் அந்தத் தட்டில், இவரை வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறா. "பேந்து தேவைப்படும் மாமி" என்றா. இன்று விடிய நான் குசினிக்கு வந்தபோது எனக்கு முதல் அவ நிற்கிறா. இடுப்பில் மிதுனன், அடுப்பில் கஞ்சி. ஒரு கையால் எடுத்து நின்றுகொண்டே சாப்பிட்டா. "இருந்து சாப்பிடும் பிள்ளை" என்றேன். "இருந்தா இவன் அழுவான்" என்றா.

அதைக் கேட்டுவிட்டுப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நான் வைத்த சந்தனமெல்லாம் காய்ந்து உதிர்ந்துபோயிற்று. இவ்வளவு நாளும் தலை திருப்பினவன் எப்படிப் போனான், எங்கே போனான் என்று மட்டும்தான் யோசித்தேன். அவன் போன அடுத்த நாள் அவன் நின்ற இடத்தில் மண்வெட்டியோடு யாரை நிறுத்தினார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வெளிக்கிடுகிற அன்று வாசலில் நின்று, "போயிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். செத்த வீட்டைத் தவிர வேறு எந்த வாசலிலும் அதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. இப்போது கராஜில் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன் அக்கா. முதல் பாதி மட்டும் வருகிறது.

தங்கச்சி
தவமலர்